இரண்டரையாம் மாடி

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் வாசலில் கால் வைக்கிற எவரிடமும் காவலாளி முதலில் கேட்பது, "என்ன படிச்சிருக்கீங்க?" என்பதுதான். புருஷன் செத்துப்போய்க் காப்பீட்டுத் தொகை கேட்டு வந்த பெண்ணிடமும் அதையே கேட்பார். அவர் மனசு கெட்டவர் அல்ல. எந்த மாடிக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

தரைத்தளம் பட்டம் வாங்காதவர்களுக்கு. காவலாளி, டீக்காரர், பெருக்குகிற பெண்கள் எல்லாரும் அங்கே. முதல் மாடி வணிகவியல். இரண்டாம் மாடி கலைப் பாடங்கள். மூன்றாம் மாடி அறிவியல். நான்காம் மாடி பொறியியல். ஐந்தாம் மாடியில் மேலாண்மை படித்தவர்கள் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தார்கள். அதற்கும் மேலே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று நின்றது. அதனிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்டதில்லை. லிஃப்ட் உண்டு. ஆனால் அது முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு. இளநிலைக்காரர்கள் படி ஏற வேண்டும். "அப்பத்தானே மேல படிக்கணும்னு ஒரு வெறி வரும்" என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது.

இப்படி வகுத்துத் தொகுத்து வைத்திருந்த இடத்துக்குத்தான் அவள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அவள் வாங்கியிருந்தது 'புள்ளியியல் மற்றும் உளவியல்' என்கிற பட்டம்.

ஊரிலிருந்த கல்லூரி புதிதாக ஆரம்பித்த படிப்பு அது. எண்ணையும் மனசையும் சேர்த்துப் படித்தால் வேலை தேடி வரும் என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். வேலை வரவில்லை, அவள்தான் தேடிப் போனாள். ஒரு வங்கியில், "பாதி எண், பாதி மனசு. எங்களுக்கு முழுசா எண் வேணுமே" என்றார்கள். ஒரு மனநல மருத்துவமனையில், "கணக்குப் போடுறவங்க நோயாளிகிட்ட எப்படிம்மா இரக்கமா பேசுவீங்க?" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் சான்றிதழைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்துவிட்டு, "இது பட்டமா, கல்யாணப் பத்திரிகையா? ரெண்டு பேரு போட்டிருக்கு" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து அனுப்பிவைத்தார். காப்பீட்டு நிறுவனத்தின் விளம்பரத்தில் மட்டும் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று இருந்தது. தேர்வு எழுதினாள், தேறினாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்தாள்.

சேர்ந்த அன்று காலையில் காவலாளி வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு, "இருங்கம்மா, இது என் தலைக்கு மேல போற சமாச்சாரம்" என்று ஐந்தாம் மாடிக்குப் போன் போட்டார்.

இறங்கி வந்தவர் பட்ட நிர்ணய அதிகாரி. யாருடைய பட்டம் எந்த மாடிக்குச் சொந்தம் என்று தீர்மானிப்பது மட்டுமே அவர் வேலை. மெல்லிய மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் கையிலிருக்கும் சான்றிதழையே பார்ப்பார்.

"விளம்பரத்துல 'ஏதேனும் ஒரு பட்டம்'னு போட்டிருந்தோம்" என்றார்.

"ஆமா சார். அதைப் பார்த்துத்தான் விண்ணப்பிச்சேன்."

"'ஒரு' பட்டம்." அந்த 'ஒரு'வை அழுத்திச் சொன்னார். "நீங்க ரெண்டு கொண்டு வந்திருக்கீங்க."

"இல்ல சார், இது ஒண்ணுதான். பேருதான் நீளம்."

"அதை நீங்க சொல்லக் கூடாதும்மா. குழு சொல்லணும்." குரலில் கோபம் இல்லை, மருந்துக்கடைக்காரரின் பொறுமை இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. நாங்க ஆளைப் பார்த்து எடை போடுறதே இல்ல. ஆளைப் பார்த்தா பாரபட்சம் வந்துடும். நல்லவங்களா தெரியும், புத்திசாலியா தெரியும், மனசு இளகிடும். பட்டத்தோட பேரைப் பார்த்தா அந்த ஆபத்தே இல்ல பாருங்க."

மூன்றாம் மாடி அவளை எடுத்துக்கொள்ளவில்லை, உளவியல் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். இரண்டாம் மாடி எடுத்துக்கொள்ளவில்லை. உளவியல் கலையா அறிவியலா என்பதே அங்கே தீராத வழக்கு, அதில் புள்ளியியல் வேறு சேர்ந்தால் குடும்பம் தாங்காது என்றார்கள். குழு கூடி முடிவு சொல்லும்வரை இடைக்கால ஏற்பாடாக, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். சுவரில் ஒரு சன்னல், கைக்கு எட்டாத உயரத்தில். இறப்புத் தொகை கேட்டு வருகிற மனுக்களை முதல் பார்வை பார்த்து மேலேயோ கீழேயோ அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. 'மற்றும்'. "அந்த மனு எங்க?" "மற்றும்கிட்ட இருக்கு." யாரும் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கேலி என்றால் கோபமாவது பட்டுக்கொள்ளலாம்.

தனிமை என்றால் ஆள் இல்லாத இடம் என்று அதுவரை நினைத்திருந்தாள். படிக்கட்டில் ஆளுக்குக் குறைவே இல்லை. காலையில் மூன்றாம் மாடிக்காரர்களும் நான்காம் மாடிக்காரர்களும் அவள் மேசையை உரசிக்கொண்டு ஏறுவார்கள். மாலையில் அதே உரசலோடு இறங்குவார்கள். ஏறும்போது படியைப் பார்க்க வேண்டும், இறங்கும்போதும் படியைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு முகத்தைப் பார்க்க யாருக்கு நேரம்? டீக்காரர் தட்டோடு ஏறி வருவார். முதல் வாரம் அவளுக்கும் ஒரு கோப்பை வைத்தார். அடுத்த வாரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தளத்துக்கு இவ்வளவுன்னு கணக்கும்மா. இது தளம் இல்லியாம், படியாம். படிக்கு டீ கிடையாதுன்னுட்டாங்க. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"பரவாயில்லண்ணே. எனக்கு டீ அவ்வளவா பிடிக்காது" என்றாள். பிடிக்கும்.

தீ விபத்து ஒத்திகை ஒருநாள் நடந்தது. மணி அடித்தது. மேலிருந்து எல்லாரும் தடதடவென்று இறங்கினார்கள். அவள் சுவரோடு சாய்ந்து வழிவிட்டாள். கூட்டம் வடிந்தபின் இறங்கலாம் என்று காத்திருந்தாள். அதற்குள் கீழே ஒலிபெருக்கியில் ஒவ்வொரு மாடியின் தலைவரும் தன் ஆட்களை எண்ணிச் சொல்லி முடித்துவிட்டார்கள். "அனைவரும் பத்திரமாக வெளியேறிவிட்டார்கள். எல்லாருக்கும் பாராட்டுகள்" என்ற குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்து அவளை எட்டியது. வெளியே கை தட்டினார்கள். அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து மனுவைப் படித்தாள்.

அம்மா பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அண்ணன் வீட்டில் இருந்தாள் அம்மா. அண்ணி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து மெல்லப் பேசுவாள்.

"ஆபீஸ்ல கூட யாருடி இருக்கா?"

"நிறையப் பேரும்மா. மேல போறவங்க, கீழ போறவங்க எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகணும்."

"அப்படியா! அவ்வளவு முக்கியமான இடமா கொடுத்திருக்காங்க?" என்று அம்மா பூரித்துப்போனாள். "சாப்பிடும்போது கூட உட்கார யாராவது இருக்காங்கல்ல?"

"இருக்காங்கம்மா."

வாடகை அறை ஒரு சாவி வெட்டும் கடைக்கு மேலே இருந்தது. சனி, ஞாயிறு முழுக்கக் கீழே இரும்பு கீச்சிடும். அந்த நாட்களில் அம்மாவோடு பேசுகிற கொஞ்ச நேரம் தவிர அவள் வாய் திறக்கத் தேவையே வராது. அம்மா போன் செய்யாத வாரங்களில் அதுவும் இல்லை. திங்கள் காலையில் பேருந்தில் ஏறி இறங்குமிடம் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் வெறும் காற்றுதான் வரும். நடத்துநர் காதைக் கிட்டே கொண்டுவருவார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொல்வாள். அது யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி இருக்கும்.

அந்தப் படிக்கட்டில் நின்று பேசுகிற ஒரே ஆள் இரண்டாம் மாடி அக்கா. வரலாறு படித்தவர். இறந்தவர் வீட்டுக்கு, 'தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்; தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது' என்கிற கடிதங்களை வருஷக்கணக்காக எழுதிவருபவர். ஒவ்வொரு கடிதத்துக்கும் நிராகரிப்பு எண்ணை மூன்றாம் மாடியிலிருந்து வாங்கி வர வேண்டும். அவருக்கு முட்டிவலி. லிஃப்டுக்குத் தகுதியில்லை. பாதி ஏறியதும் அவள் மேசை அருகே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று மூச்சு வாங்குவார்.

"இந்த வயசுல மேல படிச்சாத்தான் என் முட்டி லிஃப்ட்ல ஏறும்போல" என்பார். அல்லது, "இன்னிக்கு என்ன கொண்டுவந்தே சாப்பிட?" என்பார்.

"நீங்க உட்காருங்கக்கா" என்று அவள் எழுந்துகொள்வாள்.

"அய்யோ வேணாம்மா. போன வாரம் அந்தப் பட்ட நிர்ணய ஆளு பார்த்துட்டுக் கேட்டாரு. புள்ளியியல் சேர்ந்த நாற்காலியில வரலாறு உட்காரக் கூடாதாம். சங்கடம் உனக்குத்தான்."

கொஞ்சம் மூச்சு வந்ததும் ஏறிப் போய்விடுவார். அவ்வளவுதான். அந்தச் சில நிமிஷங்களுக்காக அவள் காலையிலிருந்து பேச்சைச் சேர்த்து வைத்திருப்பாள். அக்கா வந்து நின்றதும் எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

ஒருவழியாகக் குழு கூடியது. பணி நிரந்தரம் ஆவதும் ஆகாததும் அதன் கையில் இருந்தது. ஐந்தாம் மாடியின் நீள மேசையில் நிர்ணய அதிகாரியும், மூன்றாம் மாடித் தலைவரும், 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்வதற்காக இரண்டாம் மாடியிலிருந்து வரவழைக்கப்பட்ட தமிழ் படித்த பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள். எந்தப் பக்க நாற்காலியில் உட்காரலாம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

தமிழ் படித்தவரை அந்தக் கட்டடத்தில் யாரும் எதுவும் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அவர் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, மடை திறந்த வெள்ளமாக ஆரம்பித்தார்.

"இந்த இடத்துல 'மற்றும்' போடுறதே தப்பு. 'புள்ளியியலும் உளவியலும்'னு 'உம்' போட்டிருக்கணும். அது போட்டிருந்தா ரெண்டும் சேரும். இவங்க போடல. 'மற்றும்'னா பழைய வழக்குல 'மறுபடியும்'னு அர்த்தம்."

"அப்ப இந்தப் பட்டத்துக்கு என்ன அர்த்தம்?" என்றார் நிர்ணய அதிகாரி.

"புள்ளியியல். மறுபடியும் உளவியல்."

நிர்ணய அதிகாரி சான்றிதழிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "மறுபடியும்னா? ஒரு தடவை எழுதித் தேறலையா நீங்க?"

"நான் எல்லாத்துலயும் முதல் தடவையே தேறிட்டேன் சார்."

"பேரு அப்படிச் சொல்லலியேம்மா."

தமிழ் படித்தவருக்கே பாவமாகப் போய்விட்டது. "நான் சொல்லுக்குத்தான் பொருள் சொன்னேன், அந்தப் பொண்ணுக்கு இல்ல" என்றார். அவருடைய வேலை முடிந்தது என்று சொல்லிக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

நெடிய ஆலோசனைக்குப் பின் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டில் ஒன்றை அவள் விட்டுவிட வேண்டும். உளவியலை விட்டால் மூன்றாம் மாடியில் இடம் உண்டு. வாயால் விட்டேன் என்றால் போதாது. உண்மையிலேயே மறந்துவிட்டாள் என்று நிரூபிக்க ஒரு தேர்வு. உளவியல் வினாத்தாள் தரப்படும், அதில் தோற்க வேண்டும்.

"எல்லாரும் ஜெயிக்கத்தான் தேர்வு வைப்பாங்க" என்றார் மூன்றாம் மாடித் தலைவர் பெருந்தன்மையோடு. "நாங்க உங்களுக்காக எவ்வளவு இறங்கி வந்திருக்கோம் பாருங்க."

அந்த வாரம் முழுக்க அவள் மறக்க முயன்றாள். மறக்க வேண்டியது எது என்று பார்க்கப் பழைய புத்தகத்தைத் திறந்தாள். மறந்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மூன்றாம் மாடியைப் பற்றியும் நினைத்துக்கொண்டாள். அங்கே வரிசையாக மேசைகள். பக்கத்தில் ஆள். எதிரில் ஆள். யாராவது தும்மினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். தீ மணி அடித்தால் ஒருவர் எண்ணும்போது அவளும் ஒரு எண்ணாக இருப்பாள். அதற்காக ஒரு படிப்பை மறப்பது பெரிய காரியம் இல்லை என்றே தோன்றியது.

தேர்வன்று அவளைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். ஒன்றைக் குறிக்க வேண்டும். சரியான விடை கண்ணில் பட்டதும் அதைத் தவிர்த்துப் பக்கத்தில் இருப்பதைக் குறித்தாள். தெரிந்த வீட்டைத் தாண்டி வேண்டுமென்றே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. மளமளவென்று போய்க்கொண்டிருந்தவள் ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள்.

'நெடுநாள் தனித்திருக்கும் மனிதரிடம் முதலில் குன்றுவது எது?' பசி, உறக்கம், பேச்சு, நேர உணர்வு.

பசி என்று குறித்துவிட்டுப் போயிருக்கலாம். பேனாவை அங்கேதான் கொண்டுபோனாள். பேருந்தில் நடத்துநர் காதைக் கிட்டே கொண்டுவருவது ஞாபகம் வந்தது. அதைப் பொய் என்று குறிக்கக் கை வரவில்லை. மற்றதெல்லாம் புத்தகத்தில் இருந்தவை, எப்படி வேண்டுமானாலும் எழுதிவிட்டுப் போகலாம். 'பேச்சு' என்பதில் குறியிட்டாள். கொஞ்சம் அழுத்தியே இட்டாள்.

முடிவு சொல்லக் குழு மறுபடி கூடியது. மூன்றாம் மாடித் தலைவர் விடைத்தாளை மேசையில் போட்டார். அவர் முகம் வாடியிருந்தது.

"ஒண்ணு தவிர எல்லாம் தப்பு" என்றார்.

அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. "அப்ப நான் தோத்துட்டேன்தானே சார்?"

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. ஒண்ணுமே தெரியாத ஆளு கண்ணை மூடிக்கிட்டுக் குறிச்சாலும் நாலுல ஒரு பங்காவது சரியா வரும். இவ்வளவு கரெக்டா தப்பு பண்ணணும்னா எல்லாமே தெரிஞ்சிருக்கணும். உளவியல் உங்களுக்கு நல்லாத் தெரியும்." மூச்சு விட்டுக்கொண்டார். "அது கூடப் போகட்டும். இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்காம எழுதியிருக்கீங்களே, அப்ப புள்ளியியலும் தெரியல. உங்களை எப்படி நான் என் மாடியில சேர்த்துக்குவேன்?"

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள்.

நிர்ணய அதிகாரி மட்டும் அந்த ஒரு சரியான விடையை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். "இது எப்படி? இது மட்டும் ஏன் சரியா எழுதினீங்க? படிச்சு எழுதினதா, பட்டு எழுதினதா?"

"பட்டு எழுதினது சார்."

"நினைச்சேன்." ஒரு கணம் அவர் முகத்தில் என்னவோ ஓடியது. உடனே சரிசெய்துகொண்டார். "அப்ப அதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. படிச்சு வந்தாத்தான் அறிவு. பட்டு வந்ததுக்கு இங்க பட்டம் கிடையாது."

தீர்ப்பைப் படித்தார். அவளிடம் இருப்பவை இரண்டு பட்டங்கள், ஒன்றோடொன்று சேராதவை, ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்கவும் இயலாதவை. ஆகவே அவள் இருக்கிற இடத்திலேயே நிரந்தரம் செய்யப்படுகிறாள். ஓய்வுபெறும்வரை அந்தப் படிக்கட்டுத் திருப்பம் அவளுக்குரிய பணியிடம்.

"வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. சந்தோஷந்தானே?" என்றார் மூன்றாம் மாடித் தலைவர்.

ஓய்வுபெறும்வரை. அவள் அந்த எட்டாத சன்னலை நினைத்தாள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம். அண்ணன் வீட்டில் அம்மாவோடு அவளும் மெல்லப் பேசிக்கொண்டிருக்கலாம். கதவுவரை போனவள் திரும்பினாள். அந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

"சார், ரெண்டு பட்டம்னு எழுதியிருக்கீங்களா?"

"ஆமா. தெளிவா எழுதியிருக்கு."

"ஒரு பட்டத்துக்கு எத்தனை நாற்காலி?"

"ஒண்ணு. அதுதானே விதி."

"அப்ப எனக்கு ஒண்ணு குறையுது."

குழுக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்றாம் மாடித் தலைவர் விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். நிர்ணய அதிகாரி தீர்ப்பைத் திரும்ப மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, அவள் அறிந்து முதன்முறையாக, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"விதிப்படி சரிதான்" என்றார்.

நாற்காலி வர நாளாயிற்று. வந்தபோது இரண்டின் முதுகிலும் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். பழையதில் 'புள்ளியியல்', புதியதில் 'உளவியல்'. டீக்காரர்தான் தூக்கி வந்தார். "ரெண்டு நாற்காலி போட்டா இதுவும் தளம்தானாம்மா? மேல கேட்டுப் பார்க்கவா?" என்றார். "கேட்டுப் பாருங்கண்ணே" என்றாள்.

அன்று மதியம் இரண்டாம் மாடி அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தார். புது நாற்காலியைப் பார்த்து நின்றார்.

"யாரு, இன்னொரு ஆள் போட்டிருக்காங்களா?"

"இல்லக்கா. ரெண்டும் எனக்குத்தான். ஒண்ணு காலியாத்தான் இருக்கும். உட்காருங்க."

"எதுல உட்காரட்டும்? ஏதாவது சொல்லப்போறாங்க."

"உளவியல்ல உட்காருங்க. அதுல வரலாறு உட்காரக் கூடாதுன்னு இன்னும் யாரும் எழுதல."

அக்கா சிரித்துக்கொண்டே மெல்ல, ஒரு கையை மேசையில் ஊன்றி, உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவள் எதிரில் உட்கார்ந்தாள். இதுவரை நின்றபடியே பேசிப் பழகியவர்கள். உட்கார்ந்ததும் இருவருக்கும் பேச்சே வரவில்லை. மேலேயிருந்து நான்கைந்து பேர் இறங்கிப் போனார்கள். கீழேயிருந்து ஒருவர் ஏறிப் போனார். அக்காவுக்கு மூச்சு எப்போதோ சீராகிவிட்டது. எழுந்து போவார் என்று அவள் பார்த்தாள். அவர் எழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

"ம், சொல்லு" என்றார்.